குறட்டை கேக்காத வார்டு

பல்லு வலின்னு சொல்லிட்டு முறுக்கைக் கடகடன்னு கடிக்கிறீங்களே தாயி, அதுலயே தெரிஞ்சுபோச்சு. ஓபி சீட்டும் வாங்கலை. பல் டாக்டரு செவ்வாக்கிழமைதான் வருவாரு, இன்னைக்கு வியாழன். வந்ததுல இருந்து தடுப்பூசி ரூம் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. பொண்ணு விசாரிக்க வந்திருக்கீங்க. சரிதானே? வெக்கப்படாதீங்க. தண்ணி குடிங்க, முறுக்கு நெஞ்சை அடைக்கும்.

மாப்பிள்ளைக்கு அக்காவா? அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அம்மான்னா நேரா மேட்ரன் ரூமுக்கே போயி நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பாக. அத்தைன்னா இந்நேரம் பொண்ணுக்கு முட்டி வலி இருக்கான்னு கேட்டிருப்பாக. அக்காமாருதான் இப்படி பெஞ்சு ஓரத்துல உக்காந்து முறுக்கு திம்பாக.

நான் சீனித்தாயி. இந்த ஆஸ்பத்திரியில இருபத்தாறு வருசமா ஆயா. எத்தனையோ டாக்டருங்க வந்தாங்க, போனாங்க. ஒருத்தரு ஆபரேசன் பண்ணும்போது மயக்கம் போட்டு விழுந்தாரு. நோயாளியை விட்டுட்டு அவரைத்தான் முதல்ல தூக்கினோம். அதெல்லாம் இன்னொரு நாளைக்குச் சொல்லணும். இப்போ உங்களுக்கு ராஜகனியைப் பத்தித்தான் தெரியணும்.

நல்ல பொண்ணுதான், போயிட்டு வாங்கன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிறலாம். ஆனா நீங்க வாசல் கேட்டு வரைக்கும் போனா அங்க செக்யூரிட்டி சுடலை உக்காந்திருக்கான். அவன் ஒரு கதை சொல்லுவான். அவன் சொல்ற கதையில அவ பத்துப் பேரைக் கொன்னிருப்பா. அதுக்கு என்கிட்டயே கேட்டுருங்க. ஏன்னா அவளைப் பிடிச்சுக் குடுத்ததே நான்தான்.

ஆமா. நான்தான். உக்காருங்க, ஏன் எந்திரிக்கிறீங்க? முழுசாக் கேட்டுட்டு எந்திரிங்க.

அப்போ அவ ஆம்பளைங்க சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். காஞ்ச மொளகா மாதிரி இருப்பா. பெட்சீட்டுல ஒரு சுருக்கம் இருந்தா போதும், ‘ஆயாம்மா, இதுல என்ன கழுதை படுத்துப் புரண்டுச்சா?’ன்னு கேப்பா. நான் வெத்தலை போட்டுட்டு வார்டுக்குள்ள வந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசலைக் காட்டுவா. ஒருநாள் விசிட்டருங்க பத்துப் பேரு நிக்கும்போது, ‘போயி வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க’ன்னு சொல்லிட்டா. என் வயசு என்ன, அவ வயசு என்ன? எனக்கு மனசு சங்கடமாப் போச்சு. ஆனா அதுக்காக நான் புகார் குடுக்கலை. அதை இப்பவே சொல்லிடுறேன். சுடலை அப்படித்தான் சொல்லுவான், நம்பாதீங்க.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. ஆனா எனக்குக் காது நல்லாக் கேக்கும். வார்டு வாசல்ல நின்னாலே எந்தக் கட்டில்ல என்ன நடக்குதுன்னு சொல்லிடுவேன். ஆபரேசன் முடிஞ்சு வந்தவனுக்குப் பெரிய வலி ஊசி போடுவாக பாருங்க, பூட்டின அலமாரியில இருந்து எடுக்கிறது, அதைப் போட்டு அரை மணி நேரத்துல அவன் விடுற குறட்டை இருக்கே, அது தனிக் குறட்டை. சாதாரண ஆம்பளைக் குறட்டை மாதிரி கரடுமுரடா இருக்காது. சொகமா, இழுத்து, நடுவுல சத்தமே இல்லாம நிறுத்தி, செத்துட்டானோன்னு நம்ம கிட்டப் போயிப் பாக்கும்போது புஸ்ஸுன்னு விடுவான். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் உக்காருவேன். கேக்கலைன்னா பெட்பேனைத் தூக்கிக்கிட்டு அலையணும்.

ஆவணி மாசக் கடைசியில எனக்கு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. காலையில வேற சிஸ்டரு டூட்டின்னா வார்டே குறட்டை விடுது. மத்தியானம் ராஜகனி டூட்டின்னா ஒருத்தனும் விடலை. ஊசி போடுறா, நான் பாக்கிறேன். சார்ட்டுல எழுதுறா. ஊசிக் குப்பி காலியா வருது, நான்தான் அதைத் தட்டுல வச்சு பார்மசிக்குக் கொண்டுபோறேன். காலிக் குப்பியைக் குடுத்தாத்தான் அவுக புதுசு குடுப்பாக. எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஊசி போட்டவன் முனங்குறான்.

ஏழாம் நம்பர் கட்டில்ல பூவலிங்கம்னு ஒரு ஆளு. கிணறு வெட்டுறவன். கயிறு அறுந்து உள்ள விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப்போச்சு. மலை மாதிரி ஆளு தாயி, மீசையே ஒரு சாண் இருக்கும். ஊசி போட்ட பிறகும் அந்த ஆளு தலகாணியைக் கடிச்சுக்கிட்டு ஆத்தா ஆத்தான்னு அழுவான். அவன் ஆத்தா செத்து இருபது வருசம் ஆச்சாம். ‘என்னய்யா, ஊசி வேலை செய்யலையா?’ன்னு கேட்டா, ‘என் ஒடம்புதான் முரட்டு ஒடம்பு போல, மருந்துக்கு அடங்கலை’ன்னு சொல்றான். தப்பு தன் மேலதான்னு நெனக்கிறான், பாவி.

இன்னொண்ணு. ராஜகனிக்குத் திடீர்னு நல்ல குணம் வந்துருச்சு. பெட்சீட்டு சுருண்டு கிடந்தாலும் சிரிக்கிறா. வெத்தலையோட வந்தாலும், ‘வாங்க ஆயாம்மா’ங்கிறா. எனக்குச் சந்தேகமே அதுலதான் கெட்டியாச்சு. புரட்டாசிப் புழுக்கத்துல, ஃபேனே மூச்சு வாங்குற நேரத்துல, முழுக்கை ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு வாரா. கேட்டா குளிருதாம். இந்த ஊர்ல! மார்கழியிலயே இங்க யாருக்கும் குளிராது.

நேரா மேட்ரன் அம்மாகிட்டப் போனேன். அந்தம்மா என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டாக. ‘சீனித்தாயி, நீ வாயைத் தொறந்தா எனக்குச் சாப்பாட்டு நேரம் போயிரும். புகாருன்னா எழுத்துல குடு. இப்ப அதான் ரூல்’னு சொல்லிட்டாக. எழுத்துல குடுக்கிறதுக்கு நான் எங்க போறது?

யோசிச்சுப் பாத்தேன். சின்னச் சின்ன சிஸ்டருங்களுக்கு இங்கிலீஷ்தான் வருது, தமிழ்ல எழுதச் சொன்னா கோலம் போடுதுக. பார்மசிக்காரரு எழுதுவாரு, ஆனா அவரு டாக்டரு மாதிரியே எழுதுவாரு, அவருக்கே திருப்பிப் படிக்க வராது. சுடலை நல்லா எழுதுவான். எழுதி முடிக்கிறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேதி போயிரும்.

இத்தனை வருசமா எனக்கு எழுதித் தாரது யாரு? ரேசன் கார்டுக்கு மனு, என் மவளுக்கு விதவை பென்சனு மனு, எனக்கு லீவு லெட்டரு, எல்லாம் ராஜகனிதான். திட்டிக்கிட்டே எழுதுவா, ஆனா முத்து முத்தா எழுதுவா. பழக்கதோசம், என் காலு பாட்டுக்கு அவகிட்டப் போயிருச்சு. துணி மடிக்கிற ரூமுல தனியா உக்காந்திருந்தா. நானும் எதுத்தாப்புல உக்காந்துட்டேன். ‘ஏ புள்ள, ஒரு மனு எழுதணும்’னு சொல்லியும் போட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைக்குது. அட முண்டமே, யாரைப் பத்தி யாருகிட்ட எழுதச் சொல்லுறோம்னு.

சிரிக்காதீங்க தாயி. உங்களுக்கு எழுதத் தெரியும், அதான் சிரிக்கிறீங்க.

சரி, வந்தது வந்தாச்சு, பேரை மட்டும் விட்டுருவோம்னு நெனச்சேன். அவ பேப்பரை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, ‘யாருக்கு ஆயாம்மா?’ங்கிறா.

‘மேட்ரனுக்கு.’

‘யாரைப் பத்தி?’

‘ஒருத்தியைப் பத்தி.’

‘பேரு?’

‘பேருக்கு இடம் விட்டு எழுது. பின்னால நானே போட்டுக்கிறேன்.’

‘உங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே?’

‘கத்துக்குவேன். நீ எழுது.’

சிரிச்சா. எழுத ஆரம்பிச்சா. நான் சொன்னேன், ‘ஆம்பளைங்க சர்ஜரி வார்டுல மத்தியானம் ஊசி போட்டா ஒருத்தனும் குறட்டை விடமாட்டேங்கிறான்.’ பேனா நின்னு போச்சு. தலையைத் தூக்கலை. எனக்கு எந்திரிச்சு ஓடிறலாமான்னு இருந்துச்சு. ஆனா முட்டி பிடிச்சிருந்துச்சு, ஓட முடியாது.

அப்புறம் அவளே, ‘குறட்டைன்னு எழுதினா மேட்ரன் சிரிப்பாக. நோயாளிகளுக்கு வலி குறையவில்லைன்னு போடவா?’ன்னு கேட்டா.

‘போடு. மருந்தை யாரோ திருடுறாகன்னும் போடு.’

‘திருடுறாகன்னேவா? காணாமப் போகுதுன்னு போடலாமே?’

‘அது என்ன கோழியா, தானாக் காணாமப் போறதுக்கு? திருடுறாகன்னே போடு.’

போட்டா. அதையும் முத்து முத்தாத்தான் எழுதினா. ‘ஏழாம் நம்பர் பூவலிங்கம் தலகாணியைக் கடிச்சுக் கிழிச்சுட்டான், அதையும் எழுது’ன்னேன். அதை எழுதும்போதுதான் அவ மூக்கை உறிஞ்சினா. நான் பாக்காத மாதிரி துண்டை மடிச்சேன். மடிச்ச துண்டையே திரும்பத் திரும்ப மடிச்சேன்.

‘எத்தனை நாளா நடக்குது?’ன்னு கேட்டா.

‘ஆவணிக் கடைசியில இருந்து.’

அவ எழுதலை. அப்புறம் மெதுவாச் சொன்னா, ‘ஆவணி இல்லை ஆயாம்மா. ஆடிப் பதினெட்டுல இருந்து.’

நான் ஆயுசுல பேச்சு வராம உக்காந்திருந்தது அந்த ஒரு தடவைதான், வேணும்னா மேட்ரனைக் கேளுங்க. ‘சரி, உனக்கு எது தெரியுமோ அதைப் போடு’ன்னேன். அவ இன்னும் என்னென்னமோ எழுதினா. நான் சொல்லாததெல்லாம் எழுதினா. கீழ என் பேரை வரைய வச்சு, மடிச்சு என் கையில குடுத்துட்டு, ‘இன்னைக்கே குடுத்துருங்க. நாளைக்குன்னா நானே உங்ககிட்ட இருந்து பிடுங்கிருவேன்’னு சொன்னா.

அதைக் கொண்டுபோயிக் குடுத்தேன். மேட்ரன் படிச்சாக. கண்ணாடியைக் கழட்டுனாக, திரும்ப மாட்டுனாக.

‘இதை யாரு எழுதினது?’

‘ஏன், எழுத்து நல்லா இல்லையா?’

‘நல்லா இருக்கு. அதான் கேக்குறேன்.’

‘ராஜகனி சிஸ்டருதான்.’

அந்தம்மா பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டுனாக, நான் என்னமோ படிச்சுக் கிழிக்கிற மாதிரி. ‘இதுல அவ பேரு இருக்கு. அவளோட நர்சு பதிவு நம்பரு இருக்கு. எந்த மருந்து, எப்படி எடுத்தா, அதுக்குப் பதிலா நோயாளிகளுக்கு என்ன போட்டான்னு எல்லாம் இருக்கு’ன்னாக.

‘நான் யாரு பேரும் சொல்லலைம்மா! அதைக் குடுங்க, கிழிச்சிருவோம். பேரு இல்லாம வேற எழுதி வாங்கிட்டு வாரேன்’னு மேசை மேல பாஞ்சேன். அந்தம்மா வெடுக்குன்னு டிராயருக்குள்ள போட்டு மூடிட்டாக. ‘சீனித்தாயி, இது நீ குடுத்த புகாரு. கீழ உன் கையெழுத்து இருக்கு’ன்னாக. ‘எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதும்மா, அது நான் சும்மா என் பேரை வரைஞ்சது’ன்னு சொன்னேன். கேக்கலை.

இப்படித்தான் நான் பிடிச்சுக் குடுத்தேன். பிடிச்சுக் குடுத்துட்டு அரை மணி நேரம், அவளை ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு அழுதவளும் நான்தான். மேட்ரன் கடைசியில எனக்கே ஒரு காப்பி வாங்கிக் குடுத்து வெளிய அனுப்புனாக.

ஏன் அப்படிச் செஞ்சான்னு கேக்கிறீங்க. நியாயமான கேள்விதான். ஆனி மாசத்துல ஒரு கனத்த ஆளைக் கட்டில் மாத்தும்போது அவளுக்கு இடுப்பு பிடிச்சுப்போச்சு. எலும்புக்கு நடுவுல என்னமோ நழுவிருச்சாம். இங்கேயே படுக்க வச்சு நாலு நாளு அந்த ஊசியைப் போட்டாக. அஞ்சாம் நாளு நிப்பாட்டிட்டாக. டூட்டிக்கு ஆளில்லைன்னு பத்தாம் நாளே வரச் சொல்லிட்டாக. அவளுக்கு வலியும் போகலை, ஊசி நெனப்பும் போகலை. அலமாரிச் சாவி அவ இடுப்புலயே தொங்குது. என்ன செய்யும் ஒரு மனுச ஒடம்பு?

அந்தக் கனத்த ஆளைத் தூக்குறதுக்கு ரெண்டு பேரு நிக்கணும். நானும் நிக்க வேண்டியதுதான். வெத்தலை தீந்து போச்சுன்னு கடை வரைக்கும் போயிருந்தேன். அஞ்சே நிமிசம். எனக்காகக் காத்திருக்க வேண்டியதுதானே? அவசரக்குடுக்கை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா, நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன்.

வெத்தலையா? இப்ப போடுறதில்லை. விட்டு மூணு நாலு வருசமாச்சு. பல்லுக்கு ஆகலை.

வார்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி ராஜகனி ஒண்ணு செஞ்சா. ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போயி பூவலிங்கத்துகிட்ட நின்னு உள்ளதைச் சொன்னா. உனக்கு நான் போட்டது மருந்து இல்லை, வெறும் தண்ணின்னு. நான் பக்கத்துல மூத்திர டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த ஆளு அவளைக் கேட்ட கேள்வி இருக்கே, அதை உங்களைப் போல குடும்பத்துப் பொம்பளைகிட்ட நான் சொல்ல முடியாது. அவ ஆத்தா, அப்பன், பாட்டன் எல்லாரையும் இழுத்தான். முழுசும் நின்னு கேட்டா. அவன் மன்னிக்கலை தாயி. எதுக்கு மன்னிக்கணும்? வலி அவன்பட்டது. டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது கூட அவ பேரைச் சொல்லித் துப்பிட்டுத்தான் போனான். துடைச்சது நான்.

போலீசுக்குப் போகலை. ஆஸ்பத்திரியை நடத்துற டிரஸ்டுக்காரங்க கூடிப் பேசி, ஊசிப் பழக்கத்தை விட வைக்கிற வைத்தியத்துக்கு வெளியூருக்கு அனுப்பினாக. ஏழு மாசம் அங்க இருந்தா. திரும்பி வந்தப்போ எலும்பும் தோலுமா இருந்தா. வந்த அன்னைக்கே நான் மடிச்சுக்கிட்டு இருந்த பெட்சீட்டைப் பாத்து, ‘இதுல என்ன கழுதை படுத்துச்சா?’ன்னா. எனக்கு உசுரு வந்துச்சு.

இப்போ பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி போடுற வேலை. சாவி தொடக் கூடாது, வார்டுக்கு வரக் கூடாது, பெரிய ஊசியைக் கையால எடுக்கக் கூடாது. நாலு வருசத்துக்கு அப்படி ரூலு. மூணு முடிஞ்சிருச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி. வாரத்துக்கு ஒருநாள் மூத்திரத்தைப் பரிசோதிக்கிறாக. டப்பாவை லேபுக்குக் கொண்டுபோறது நான்தான், வேற யாரையும் தொட விடமாட்டேன். இதுவரைக்கும் ஒரு தடவை கூடத் தப்பா வரலை. உங்க சொந்தத்துல எந்த மருமகளாவது வாராவாரம் சர்டிபிகேட்டோட நல்லவளா இருக்காளா, சொல்லுங்க பாப்போம்?

உங்களுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல இருந்து வந்தாக. முதல்ல அருப்புக்கோட்டைக்காரங்க. அவ ஒருத்தரையும் விசாரிக்க விடலை, அவளே உக்காந்து ஒண்ணு விடாம ஒப்பிச்சிட்டா. அடுப்புல காப்பி கொதிச்சுக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள அவுக செருப்பைத் தேடுறாக. ‘காப்பி குடிச்ச பிறகாவது சொல்லக் கூடாதாடி, பால் வீணாப்போச்சே’ன்னு திட்டினேன். அடுத்து கோவில்பட்டிக்காரங்க. அவுக காப்பியைக் குடிச்சாக, பஜ்ஜியையும் தின்னாக, அதுக்குப் பிறகு எந்திரிச்சுப் போனாக. அன்னைக்கு அவ தட்டைக் கழுவிக்கிட்டே நின்னா. ஆறு தட்டு. அதைக் கழுவ ஒரு மணி நேரம்.

அதான் இந்தத் தடவை நான் முந்திக்கிட்டேன். எந்திரிச்சுப் போறதுன்னா என் முன்னாடி எந்திரிச்சுப் போங்க. அவ பாக்க வேண்டாம். இந்தா, இந்தப் பக்கம் போனா வாசல் கேட்டு. சுடலைகிட்ட நிக்காதீங்க. அந்தப் பக்கம் போனா தடுப்பூசி ரூமு, உள்ள நாலு பிள்ளைங்க அழுதுகிட்டு இருக்கும், அவ சிரிப்புக் காட்டிக்கிட்டு இருப்பா. எது வேணுமோ பாத்துக்கோங்க.

என்ன கேட்டீங்க?

எனக்கு ஒரு மவன் இருந்தா அவளைக் கட்டி வைப்பேனான்னா?

எமகாதகி தாயி நீங்க. முறுக்குத் திங்கும்போது இவ்வளவு வெவரம்னு நெனக்கலை. மவன் இருக்கான். அவனுக்குக் கட்டி வச்சா அவளுக்குத்தான் தண்டனை. அதை விடுங்க, நல்ல மவனா ஒருத்தன் இருந்தான்னு வச்சுக்குவோம். யோசிப்பேன். பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கம் வராது. மனசு ஒண்ணு சொல்லும், ஊரு ஒண்ணு சொல்லும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

ஆனா ஒண்ணு. எனக்குப் பித்தப்பையில கல்லு இருக்குன்னு மூணு மாசத்துக்கு முன்னாடி ஸ்கேன்ல சொல்லிட்டாக. ஆபரேசன் பண்ணணுமாம், இங்கயே இலவசமாப் பண்ணித் தாராகளாம். தேதி குறிக்கக் கூப்பிட்டாக. வலி ஊசி ராஜகனிதான் போடணும், வேற யாரும் என்னைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன். மேட்ரன் தலையில அடிச்சுக்கிட்டாக. ‘அவ அந்த ஊசியைத் தொடுறதுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குடி’ன்னாக. அப்படின்னா ஒரு வருசம் கழிச்சே பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டாக்டரு திட்டினாரு. அவளும் திட்டினா, கிழட்டுப் பிடிவாதம்னு. திட்டட்டும்.

சாப்பிட்ட பிறகு வலது பக்கம் சுருக்குன்னு இழுக்கும். மூச்சு விட முடியாது. அதான் இப்படிக் கோணிக்கிட்டு உக்காந்திருக்கேன் தாயி, மரியாதை தெரியாதவன்னு நெனச்சுக்காதீங்க.